மரபணுவும் ஆகாரமும்: பார்க்கின்சன் நோயின் போக்கில் இவ்விரண்டின் பங்கு

பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் பெயர் சொல்லி முடித்த மாத்திரத்தில் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: இது பிள்ளைகளுக்கும் வருமா என்பது ஒன்று, இனி இவருக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்பது மற்றொன்று. முதற் கேள்வி பரம்பரையைப் பற்றியது. இரண்டாவது சமையலறையைப் பற்றியது. இவற்றுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை என்றே வெகுகாலம் கருதப்பட்டு வந்தது. ஆனால் சென்ற கால் நூற்றாண்டில் நடந்த ஆராய்ச்சிகள், ஒரே பானமும் ஒரே வைட்டமினும் ஒரே மாத்திரையும் வெவ்வேறு பிறவிச் சுபாவம் உடையவர்களின் சரீரத்தில் வெவ்வேறு விதமாகப் பலன் தரக்கூடும் என்பதைச் சில இடங்களில் ஐயமறவும், வேறு சில இடங்களில் குறிப்பாகவும் காட்டியிருக்கின்றன. அந்த இடங்கள் எவை, அவற்றை அறிந்து ஒரு குடும்பம் என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுவது என் கடமை. மரபணுவைப் பரிசோதித்து, அதற்கு ஏற்றாற்போல் ஆகாரத்தை வகுத்து, இந்த நோயின் வேகத்தைத் தணிக்கும் முறை எதுவும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. அப்படி ஒரு முறை தம்மிடம் இருப்பதாகச் சொல்லி விற்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதே சமயம், மாத்திரையும் உணவும் பிறவிச் சுபாவமும் சந்திக்கும் சில இடங்கள் நன்றாகத் தெரிந்தவை. அவ்விடங்களில் ஜாக்கிரதையாக நடந்துகொள்வது எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல், சாதாரண வசதியுள்ள எந்த வீட்டிலும், இன்றைக்கே சாத்தியம்.

பரம்பரையின் பங்கு

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை வர்ணித்து எழுதிய பிறகு, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் இதற்கும் பரம்பரைக்கும் அதிக உறவில்லை என்பதே பெரும்பாலான வைத்தியர்களின் அபிப்பிராயமாக இருந்தது. தென் இத்தாலியில், சலேர்னோ மாவட்டத்தைச் சேர்ந்த கொன்துர்சி என்னும் சிற்றூரில் வேர்கொண்ட ஒரு பெருங்குடும்பமும், கிரேக்க நாட்டுக் குடும்பங்கள் சிலவும் அந்த அபிப்பிராயத்தை 1997-இல் மாற்றின. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருந்தது. மூளையின் நரம்பணுக்களில் திரண்டு கெட்டியாகிப் படியும் பொருளில் பிரதானமானதும் இந்தப் புரதமே என்று அதே ஆண்டில் தெரியவந்தது. 2003-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் குடும்பம் ஒன்றில் எழுத்துப் பிழை ஏதுமின்றி, அந்த மரபணு மட்டும் கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியானாலே போதும், நோய் இளமையிலேயே தோன்றி விரைந்து முற்றும் என்பதற்கு அக்குடும்பம் சாட்சியாயிற்று.

இத்தகைய குடும்பங்கள் மிகவும் அரிதானவை. நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே தனியொரு மரபணுவைக் காரணமாகச் சுட்டிக் காட்ட முடிகிறது. நம் விஷயத்துக்கு அதிக வெளிச்சம் தருபவை வேறு இரண்டு மரபணுக்கள். 2004-இல் கண்டறியப்பட்ட எல்.ஆர்.ஆர்.கே.2 என்னும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாறுதல் வட ஆப்பிரிக்க மக்களிடமும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடமும் மிகுதியாகவும், இந்தியர்களிடம் மிக அபூர்வமாகவும் காணப்படுகிறது. அந்த மாறுதலைப் பிறவியிலேயே பெற்றவர்களைப் பல நாடுகளில் கணக்கெடுத்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி, 59 வயதுக்குள் நூற்றுக்கு 28 பேருக்கும் 79 வயதுக்குள் 74 பேருக்கும் நோய் தோன்றியதாகக் கூறியது. பின்னால் யூதர்களிடையே நடந்த கணக்கெடுப்போ, 80 வயதிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே நோய் கண்டதாகக் கூறிற்று. எந்தக் கணக்கைக் கொண்டாலும், அதே பிழையைச் சுமந்துகொண்டு அதே குடும்பத்தில் வாழ்ந்தவர்களில் ஒருவர் ஐம்பதில் நடுக்கம் காண, மற்றொருவர் எண்பதைத் தாண்டியும் திடமாக நடமாடுகிறார் என்பது மட்டும் நிச்சயம். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது எது என்ற கேள்வியில்தான் ஆகாரம் உள்ளே வருகிறது.

ஜி.பி.ஏ. என்பது மற்றொரு மரபணு. நரம்பணுவுக்குள் கழிவாகும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைத்து அகற்றும் நொதியை உண்டாக்குவது இது. இதில் மாறுதல் உடையவர்களுக்கு நோய் சற்று முன்னதாகவே தொடங்கி, ஞாபக சக்தியும் விரைவில் தளர்வதுண்டு, எல்.ஆர்.ஆர்.கே.2 வகையினரில் பெரும்பாலோருக்கோ நோய் நிதானமாகவே செல்கிறது. ஆகவே நோயின் பெயர் ஒன்றாயினும் அதன் நடை ஒன்றல்ல. அடுத்த வீட்டுக்காரரின் அனுபவத்தை நம் வீட்டு நோயாளிக்கு ஜாதகமாகக் கொள்வது தவறு.

காப்பியும் வைட்டமின் டி-யும்

ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானிய வம்சத்து ஆண்கள் 8004 பேரை இருதய நோய் ஆராய்ச்சிக்காக முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்த வைத்தியர்கள், 2000-இல் ஒரு விசேஷச் செய்தியை வெளியிட்டார்கள். காப்பியே அருந்தாதவர்களுக்கு, நாள்தோறும் நிறையக் காப்பி அருந்தியவர்களைவிட, பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக வந்திருந்தது. பிற நாடுகளிலும் இதையொத்த முடிவுகள் வந்தன. அதன் பின், நன்மை எல்லோருக்கும் சமமாகக் கிட்டுகிறதா என்ற ஆராய்ச்சி எழுந்தது. 2011-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஜி.ஆர்.ஐ.என்.2ஏ என்னும் மரபணுவில் ஒரு வகை உடையவர்களிடம் காப்பியின் காப்பு அதிகமாகத் தெரிவதாகக் கண்டனர். எல்.ஆர்.ஆர்.கே.2 மாறுதல் உடையவர்களைக் குறித்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் கவனத்துக்குரியது: அந்த மாறுதல் இருந்தும் நோய் வராதவர்களின் ரத்தத்தில் காப்பிச் சத்தான கஃபீன் மிகுந்தும், நோய் வந்தவர்களின் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்தும் இருந்தது, மாறுதல் இல்லாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்ததாயினும் அத்தனை பெரிதாக இல்லை.

இதைப் படித்துவிட்டு நோயாளிக்கு வேளைக்கு இரண்டு டம்ளராகக் காப்பியைக் கூட்டிக் கொடுக்கலாமா என்றால், கூடாது என்பேன். வருமுன் காப்பது வேறு, வந்தபின் தணிப்பது வேறு. நோய் ஏற்கெனவே தோன்றிய 121 பேருக்குக் கஃபீனையோ போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. கஃபீனால் அசைவில் குறிப்பிடத்தக்க அபிவிருத்தி ஒன்றும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, இந்நோய் வெளிப்படுமுன்பே மோப்பமும் ருசியும் மந்தமாகிவிடுவதால், நோயாளிகள் காப்பியைத் தாமாகவே குறைத்துக்கொண்டிருக்கலாம் என்ற ஆட்சேபத்துக்கும் இடமிருக்கிறது. காலையும் மாலையும் காப்பி அருந்திப் பழகியவர் அதை நிறுத்த வேண்டியதில்லை. பழக்கமில்லாதவர் மருந்தென்று எண்ணித் தொடங்க வேண்டியதுமில்லை. தூக்கம் குறைந்தவர் மாலைக் காப்பியை விட்டுவிடுவது நலம்.

மரபணு, சத்து, நோயின் முற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே பரிசோதனையில் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சிகள் வெகு சிலவே. அவற்றுள் நான் மிகவும் மதிப்பது 2013-இல் ஜப்பானிலிருந்து வெளியானது. 114 நோயாளிகளில் ஒரு பாதியினர் நாள்தோறும் 1200 அலகு வைட்டமின் டி-யும் மறுபாதியினர் போலி மருந்தும் பன்னிரண்டு மாதம் உட்கொண்டார்கள். போலி மருந்து உண்டவர்களின் நோய் சற்று முன்னேறியிருக்க, வைட்டமின் உண்டவர்களின் நோய் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றது. அதைவிட விசேஷம், அந்த வைட்டமினை அணுவுக்குள் ஏற்கும் வாங்கியை உண்டாக்கும் மரபணுவில் ஒருவித வகையைச் சுமந்தவர்களுக்கே அந்த நன்மை தெளிவாகக் கிட்டிற்று. அது இல்லாதவர்களிடம் நன்மை புலப்படவில்லை. சிறிய பரிசோதனை, ஓராண்டுப் பரிசோதனை. இதைக்கொண்டு மரபணுவைச் சோதிக்க ஓடவேண்டாம். ஆனால் வெயில் மிகுந்த நம் நாட்டிலேயே, நடமாட்டம் குன்றி வீட்டுக்குள் அடைந்துவிட்ட முதியவர்களுக்கு இந்த வைட்டமின் குறைவது சகஜம். இந்நோயில் தடுமாறி விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் சாதாரணம். ஆகையால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் வைத்தியர் சொல்லும் அளவில் ஈடுசெய்வதற்கு மரபணுவின் சிபாரிசு தேவையில்லை.

மாத்திரை கேட்கும் சத்து

இனிச் சொல்லப்போவதை இந்த அத்தியாயத்தில் மற்றெதையும்விட மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன். இந்நோயின் பிரதான மருந்தாகிய லெவோடோபாவின் ஒரு பகுதியை உடலிலுள்ள ஒரு நொதி மாற்றி வீணாக்கும்போது, ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் துணைவிளைவாகத் தோன்றுகிறது. அந்தப் பொருள் ரத்தத்தில் மிகுந்தால் ரத்தக் குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் நல்லதல்ல. அதைத் திரும்பவும் பயனுள்ள பொருளாக மாற்றுவதற்கு பி12 வைட்டமினும் ஃபோலேட்டும் வேண்டும். ஃபோலேட்டை அதற்குத் தக்க வடிவத்தில் ஆயத்தம் செய்து கொடுப்பது எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் நொதி. இந்த மரபணுவில் மந்தமான வகையைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள் லெவோடோபா உட்கொள்ளும்போது அவர்கள் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மற்றவர்களைவிட அதிகமாக ஏறுவது ஜப்பானிய நோயாளிகளிடம் 2000-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. ஆக, பிறவிச் சுபாவம், மாத்திரை, உணவு என்ற மூன்றும் இங்கே ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுள் நம் கைக்கு எட்டுவது உணவு ஒன்றே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980-களின் இறுதியில் நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடமிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய ரத்தத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவும் இதற்குத் துணை நிற்கிறது: பி12 குறைந்திருந்தவர்களின் நடை விரைவாகக் கெட்டது, ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களின் சிந்தனா சக்தி விரைவாகக் குறைந்தது.

பி12 மாமிசம், மீன், முட்டை ஆகியவற்றில் நிறையவும், பாலிலும் தயிரிலும் ஓரளவும் உண்டு. தானியத்திலோ காய்கறியிலோ கீரையிலோ கிடையாது. பரம்பரைச் சைவ உணவுக்காரரும், வயது முதிர்ந்தவரும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவரும், வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவரும் இந்தச் சத்தில் குறைந்து போவது இயல்பு. இந்நான்கு நிலைமைகளும் ஒருவரிடமே கூடியிருப்பதை நம் ஊரில் எத்தனையோ முதியவர்களிடம் காணலாம். உள்ளங்காலில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சி, இருட்டில் தடுமாற்றம் இவற்றை எல்லாம் பார்க்கின்சன் நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டு, எளிதில் தீரக்கூடிய குறையைத் தீர்க்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பி12 அளவைப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். பி12 எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தொடங்காதீர்கள். அது ரத்தசோகையைச் சரிசெய்து குறையை மறைக்க, நரம்புக்கு நேரும் சேதம் உள்ளுக்குள் தொடரக்கூடும்.

பாலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதிகமாகப் பால் அருந்தியவர்களுக்கு இந்நோய் சற்று அதிகமாக வந்ததாக அமெரிக்கக் கணக்கெடுப்புகள் கூறுவது மெய், காரணம் துலங்கவில்லை. முட்டையும் தொடாத ஒரு முதியவருக்குப் பி12 கிடைக்கும் ஒரே வழியை அதற்காக அடைத்துவிடுவது விவேகமன்று.

மாத்திரையும் சாம்பாரும்

லெவோடோபா என்பதே ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, மாமிசம் முதலிய புரத உணவுகள் ஜீரணமாகும்போது உண்டாகும் பெரிய அமினோ அமிலங்கள் எந்த வழியாகக் குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் ஏறுகின்றனவோ, அதே வழியாகத்தான் இந்த மருந்தும் ஏறவேண்டும். உற்சவ தினத்தில் ஒரே வாசலில் பெருங்கூட்டம் நெருக்கியடிக்க, முதியவர் ஒருவர் உள்ளே புக முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுவதுபோல, புரதம் நிறைந்த சாப்பாட்டோடு விழுங்கிய மாத்திரை தாமதித்தோ குறைந்தோதான் மூளையை அடைகிறது. 1984-லேயே அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பரிசோதித்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

நான் நன்கு அறிந்த ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் காலை மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஏழு மணிக்கு வெறும் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டு, முக்கால் மணி கழித்து இட்லிக்கு உட்காரும்போது சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வார். மத்தியான மாத்திரையோ, துவரம்பருப்பு நிறையப் போட்ட சாம்பாரும் சுண்டலும் கெட்டித் தயிருமாகச் சாப்பிட்டு எழுந்த பின் கொடுக்கப்பட்டு வந்தது. மூன்று மணிக்குச் சாய்வு நாற்காலியிலிருந்து எழ அவருக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வியாதி முற்றிவிட்டது, மாத்திரையைக் கூட்டவேண்டும் என்றே எல்லோரும் எண்ணினர். மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், சாப்பாட்டில் இருந்தவை, அவர் தாமாக எழுந்து நடந்த நேரம் என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டியபோது, வைத்தியர் அளவைக் கூட்டாமல், மத்தியான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னதாக மாற்றினார். சுண்டலும் பருப்பும் இரவுச் சாப்பாட்டுக்குப் போயின. மூன்று மணிக்கு அவர் கைப்பிடியை ஊன்றித் தாமே எழலானார்.

பொதுவிதி இதுதான்: மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்னதாக, அல்லது சாப்பாடு முடிந்து ஒன்றரை மணிக்கு மேல். வெறும் வயிற்றில் குமட்டல் எடுப்பவர் ஒரு ரஸ்க்கோ சிறிது அவலோ சேர்த்துக்கொள்ளலாம். பால் சேர்க்க வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பற்றிக்கொண்டு உறிஞ்சவொட்டாமல் செய்வதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரமாவது விடவேண்டும். புரதத்தின் நேரத்தை மாற்றலாமே ஒழிய மொத்த அளவைக் குறைக்கலாகாது. இந்நோயில் உடல் மெலிவதே பெரிய அபாயம். நோயின் ஆரம்பக் கட்டத்தில், மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரையில் நீடிப்பவருக்கு இத்தனை கட்டுப்பாடும் தேவையில்லை.

இங்கேயும் பிறவிச் சுபாவத்துக்குப் பங்குண்டு. லெவோடோபாவை வழியிலேயே வீணாக்குகிறது என்று மேலே குறிப்பிட்ட நொதி சிலரிடம் பிறப்பிலேயே சுறுசுறுப்பாகவும் சிலரிடம் மந்தமாகவும் இருக்கிறது. சுறுசுறுப்பான வகையினருக்கு, அந்த நொதியை அடக்கும் என்டகபோன் மாத்திரையால் அதிகப் பலன் கிட்டுவதாக 2011-இல் பிரெஞ்சு வைத்தியர்கள் கண்டார்கள். இன்னொரு வகை மரபணு நம்முடையதே அல்ல. நம் குடலில் வாழும் கிருமிகளுடையது. குடலில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு பாக்டீரியம் லெவோடோபாவை மூளையை அடையுமுன் அங்கேயே டோபமீன் என்னும் பொருளாக மாற்றி வீணாக்கிவிடுகிறது என்றும், அதைத் தடுக்க மாத்திரையோடு சேர்க்கும் கார்பிடோபா அந்தப் பாக்டீரியத்திடம் செல்லுபடியாவதில்லை என்றும் 2019-இல் தெரியவந்தது. ஆல்ஃபா சைனூக்ளின் மிகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது அவற்றின் தள்ளாட்டம் குறைவாக இருந்ததும், நோயாளிகளின் குடற்கிருமிகளை அவற்றுக்குள் செலுத்தியபோது தள்ளாட்டம் மிகுந்ததும் 2016-இல் கலிபோர்னியாவில் கண்ட சங்கதி. எலிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையா என்பது வேறு விஷயம். ஆயினும் மலச்சிக்கல் இந்நோயில் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே தோன்றுவது யாவரும் அறிந்தது. குடல் தேங்கினால் மாத்திரையும் வயிற்றிலேயே தேங்கும். கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா, தோலோடு உண்ணும் பழங்கள், போதிய தண்ணீர் இவற்றைத் தாராளமாகக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடையில் விற்பவை

எச்சிலை ஒரு குழாயில் பிடித்து அனுப்பினால் மரபணுவைப் படித்து உணவுப் பட்டியல் அனுப்புவதாக வரும் விளம்பரங்களைப் பற்றி முதலிலேயே சொன்னேன். நாற்பது வயதுக்குள் நோய் தோன்றியிருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, மரபணுப் பரிசோதனைக்கு நியாயம் உண்டு. அப்போதும் அதன் முடிவு பிள்ளைகளின் மனத்தில் என்ன பாரத்தை ஏற்றும் என்பதை மரபியல் ஆலோசகரோடு பேசித் தெளிந்த பிறகே செய்யவேண்டும்.

முள்சீத்தாப் பழமும் அதன் இலைக் கஷாயமும் சகல ரோக நிவாரணி என்று இப்போது பரவலாக விற்கப்படுகின்றன. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகைப் பார்க்கின்சனியம் வழக்கத்துக்கு மீறி மிகுந்திருப்பதையும், அந்நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலம் உட்கொண்டவர்களாயிருப்பதையும் 1999-இல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். அதிலுள்ள அனோனாசின் என்னும் பொருள் நரம்பணுக்களை அழிக்கவல்லது. இந்நோயாளி உள்ள வீட்டில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பூனைக்காலி விதையின் நிலைமை வேறு. அதில் லெவோடோபா இயற்கையாகவே மிகுதியாக உண்டு. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு ரசாயன நிபுணர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். லண்டனில் எட்டு நோயாளிகளிடம் செய்து 2004-இல் வெளியிட்ட சோதனையில், 30 கிராம் பூனைக்காலிப் பொடி மாத்திரையைவிடச் சீக்கிரமாகவும் சற்று நீடித்தும் வேலை செய்தது. ஆகவே அது பலனற்றது என்று நான் சொல்லமாட்டேன். பலனுள்ளதாகையினாலேயே ஜாக்கிரதை வேண்டும். கடைப் பொடியில் லெவோடோபா எவ்வளவு என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மாத்திரையோடு அதையும் சேர்த்தால் கைகால் தாமாக நெளிதலும், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிதலும் நேரலாம். ஹோமோசிஸ்டீனும் உடன் ஏறும். வீட்டில் யாரேனும் அதைத் தொடங்கியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பொடி டப்பாவையும் மாத்திரைச் சீட்டையும் மேற்சொன்ன நோட்டுப் புத்தகத்தையும் ஒன்றாக எடுத்துச் சென்று, இரண்டின் அளவையும் கூட்டிக் கணக்கிட்டு மாற்றித் தரும்படி நரம்பியல் வைத்தியரைக் கேளுங்கள்.